கரிசாலைப் பொடி: எங்கள் குடும்பக் குழுவில்

செல்வி அத்தை: கர்ப்பமாக இருக்கிற கயலுக்கு ரத்தம் (ஹீமோகுளோபின்) 9 தான் இருக்கிறதாம். நாட்டு மருந்துக் கடையில் கரிசலாங்கண்ணிப் பொடி கால் கிலோ வாங்கிவிட்டேன். நாளையிலிருந்து தினம் ஒரு ஸ்பூன் தேனில் குழைத்துக் கொடுக்கப் போகிறேன்.

பெரியப்பா: நல்ல காரியம் செல்வி. அம்மா நமக்குக் கொடுத்ததுதானே. இதில் இரும்புச்சத்து ஏராளம்.

மலர்: அத்தை, கொஞ்சம் பொறுங்கள். பொட்டலத்தில் பேட்ச் எண், தயாரித்த இடம் ஏதாவது போட்டிருக்கிறதா?

செல்வி அத்தை: ஒன்றும் இல்லை மலர். டப்பாவிலிருந்து அள்ளிக் கட்டிக் கொடுத்தார். கலப்படமாக இருக்கும் என்கிறாயா? வாசனை சரியாகத்தான் இருக்கிறது.

மலர்: அசல் கரிசாலையாகவே இருக்கட்டும். அது எந்த மண்ணில் வளர்ந்தது என்பதுதான் என் கவலை. ஈரமான இடமாகப் பார்த்து முளைக்கிற செடி அது. வாய்க்கால் ஓரத்திலும் வரும், சாக்கடை ஓரத்திலும் வரும். மண்ணில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருந்தால் செடிக்குள்ளும் ஏறிவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இலேயே நின்றுவிட்டது. ஆனால் அதுவரை ரோட்டோர மண்ணில் படிந்த ஈயம் மக்கிப் போகிற பொருள் இல்லை. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் மண்ணில் சேர்ந்த குரோமியமும் அப்படித்தான்.

பெரியப்பா: கழுவித்தானே காயவைப்பார்கள்?

மலர்: கழுவினால் மேலே ஒட்டிய தூசி போகும், பெரியப்பா. உள்ளே ஏறியது போகாது. காயும்போது தண்ணீர்தான் வற்றுகிறது, உலோகம் அப்படியே தங்கிவிடும். ஒரு ஸ்பூன் பொடிக்குள் ஒரு கைப்பிடி பச்சை இலை இருக்கிறது. சரியாகக் கழுவாததும் வருகிறது. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூனைக் கலக்கி அப்படியே வையுங்கள். அடியில் மணல் படிந்தால் கழுவவில்லை என்று தெரிந்துவிடும். அந்த மண்ணில் உள்ள இரும்பும் சேர்ந்துதான் சில நேரம் ‘இரும்புச்சத்து ஏராளம்’ என்று கணக்கில் வருகிறது. அரைக்கிற மெஷின் தேய்ந்து விழுவதும் அதில் சேரும்.

பாட்டி (பேரன் தட்டச்சு செய்தது): நாங்கள் நம் வயல் வரப்பில் பறித்தோம். பறித்த அன்றே பருப்புப் போட்டுக் கடைந்தோம். கடையில் யார் பொடி வாங்கினார்கள்?

கயல்: மலர், நான் இரும்பு மாத்திரையும் போடுகிறேன். பொடியைப் பற்றி டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. ஈயம் இருந்தால் குழந்தைக்கு என்ன ஆகும்?

மலர்: அக்கா, பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இன்னொன்று, ரத்தம் ஊறத்தானே இதைக் கொடுக்கிறோம்? ஈயம் ஹீமோகுளோபின் உருவாவதையே தடுக்கும். உடம்பில் இரும்பு குறைந்தவர்களுக்கு ஈயம் கூடுதலாகவும் ஏறும். உங்களுக்கு இப்போது அதுதான் நிலைமை. மாத்திரையை விடாதீர்கள். அரசு தருகிற மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பொடியில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

பெரியப்பா: அரசாங்கம் ஒரு வரம்பு வைத்திருக்குமே?

மலர்: வைத்திருக்கிறது. மூலிகை மருந்துக்கு ஈயம் 10 பிபிஎம், ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 பிபிஎம் என்றால் ஒரு கிராமுக்கு 10 மைக்ரோகிராம். ஸ்பூனுக்கு 5 கிராம் என்று வைத்தால் 50 மைக்ரோகிராம். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு உணவு வழியாக ஒரு நாளைக்கு 8.8 மைக்ரோகிராம் ஈயத்தைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை கணக்கு வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கு 2.2 தான். ஆகவே வரம்பைத் தொட்டு ‘பாஸ்’ ஆன பொடிகூட ஸ்பூன் கணக்கில் தினமும் சாப்பிட ஏற்றதில்லை.

பெரியப்பா: அப்படியென்றால் நம் வைத்தியமே வேண்டாம் என்கிறாயா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

மலர்: அப்படிச் சொல்லவே மாட்டேன். எனக்கும் இந்த வைத்தியத்தின் மேல் மரியாதை இருக்கிறது, அதனால்தான் கோபம் வருகிறது. ஏற்றுமதியாகிற மூலிகை மருந்துக்கு 2006-லேயே உலோகச் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். இங்கே நம் தெருவில் பொட்டலம் கட்டித் தருகிற பொடியை யார் சோதித்தார்கள்? நம் வீட்டுக் கர்ப்பிணி சாப்பிடுகிற பொடிக்கும் அந்தச் சோதனை வேண்டும்தானே?

செல்வி அத்தை: சரி, இந்தப் பொடியைக் கொடுக்கவில்லை. அப்புறம் என்ன செய்ய? ஒரு வழி சொல்லு.

மலர்: மாடியில் தொட்டி வைத்துக் கரிசாலை நாற்று நடுங்கள் அத்தை, சீக்கிரம் படரும். நல்ல செம்மண், தொழு உரம் போதும். பழைய பெயின்ட் உதிர்கிற சுவர் ஓரம் வைக்காதீர்கள், அதிலும் ஈயம் இருக்கும். கயல் அக்காவுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மருந்தாகவே வேண்டுமென்றால் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் காட்டலாம். செந்தூரம், பற்பம் என்கிற சித்த மருந்துப் பொடிகள் எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அயச் செந்தூரமெல்லாம் உலோகத்தை வைத்தே செய்கிற மருந்து.

பெரியப்பா: இங்கே நம் கடைக்காரர் தெரிந்தவர்தான். மொத்த வியாபாரியிடம் உலோகச் சோதனை ரிப்போர்ட் வாங்கித் தரச் சொல்கிறேன். அதில் என்ன பார்க்க வேண்டும்?

மலர்: நான்கு உலோகத்துக்கும் தனித்தனியாக எண் இருக்க வேண்டும். ‘வரம்புக்குள் உள்ளது’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். மூட்டையில் உள்ள பேட்ச் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். வாங்கியதும் இங்கே படம் போடுங்கள்.

பெரியப்பா: சாயங்காலம் போகிறேன்.

கயல்: நான் வெள்ளிக்கிழமை செக்கப்பில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.