தினமும் ஓட்டும் வி8 காருக்கு ஸ்டால் ஸ்பீடு 2800 போதுமா, 3600 தேவையா?

கேள்வி

வணக்கம். என்னிடம் 5.7 லிட்டர் வி8 இன்ஜினும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கொண்ட, பின்சக்கரங்கள் இழுக்கும் கார் இருக்கிறது. தினமும் வேலைக்குப் போய்வருவது அதில்தான். எடை ஏறத்தாழ 1600 கிலோ. முதல் கியர் 3.06, நான்காம் கியர் 0.70, கிரவுன் பினியன் (பின் அச்சு கியர்) விகிதம் 3.23, டயரின் விட்டம் 66 செ.மீ. இரண்டு மாதங்களுக்கு முன் கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாகக் கேம்) பெரியதாக மாற்றினேன். புதியதன் டியூரேஷன் (வால்வைத் திறந்துவைக்கும் அளவு) 1.27 மி.மீ. லிஃப்டில் 224 டிகிரி. டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) மட்டும் காரோடு வந்த பழையதே.

நியூட்ரலில் 850 ஆர்பிஎம் நிற்கும் ஐடில், டிரைவில் போட்டதும் 600-க்கு இறங்கி ஊசலாடுகிறது. சிக்னலில் நிற்கும்போது பிரேக் மிதியில் வைத்த பாதத்திலேயே அதிர்வு தெரிகிறது. முகப்பு விளக்கு மங்கி மங்கி எரிகிறது. இருமுறை இன்ஜின் அணைந்தும் விட்டது. 3500-க்கு மேல் கார் சீறிப் பாய்ந்தாலும், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முன்பைவிட மந்தமாகவே இருக்கிறது. கன்வெர்ட்டர் விற்பவர் ஒருவர் 3600 ஸ்டால் போடச் சொல்கிறார். அப்படிப் போட்டால் 3600 தொடும்வரை கார் நகராதோ, நெடுஞ்சாலையில் ஆயில் கொதித்துவிடுமோ என்று தயங்குகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் 1

உங்கள் காரின் இரண்டு நோய்களுக்கும் காரணம் ஒன்றே. கன்வெர்ட்டரின் மீது எழுதியிருக்கும் ஸ்டால் எண் அதற்கு மட்டுமே சொந்தமான குணம் அன்று; டர்பைன் (கன்வெர்ட்டருக்குள் கியர்பாக்ஸைச் சுழற்றும் சக்கரம்) நிற்கும்போது, முழு ஆக்ஸிலரேட்டரில் உங்கள் இன்ஜின் அதை எந்த ஆர்பிஎம் வரை தள்ள முடிகிறது என்பதே ஸ்டால் ஸ்பீடு. கன்வெர்ட்டர் உறிஞ்சும் டார்க் (முறுக்கு விசை) ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், இன்ஜின் டார்க்கின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஸ்டால் ஏறி இறங்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பழைய கேமில் 1800 ஆர்பிஎம்மில் 380 நியூட்டன் மீட்டர் கிடைத்தது என்றும், பெரிய கேம் கீழ்ப்பகுதி டார்க்கைத் தின்று அதை 340 ஆக்கியது என்றும் வைத்துக்கொண்டால், 1800-இல் ஸ்டால் ஆன அதே கன்வெர்ட்டர் இப்போது 1700-இலேயே நின்றுவிடும். இன்ஜினுக்கு உயிர் வரும் இடம் மேலே போய்விட்டது, நீங்கள் கிளம்பும் இடமோ கீழே வந்துவிட்டது. மந்தம் அங்கேதான் பிறக்கிறது.

ஐடிலுக்கும் இதே கணக்குதான். 1800-இல் 380 உறிஞ்சும் கன்வெர்ட்டர், டிரைவில் நிற்கும்போது 800 ஆர்பிஎம்மில் சுமார் 75 நியூட்டன் மீட்டர் சுமையை இன்ஜின் மேல் ஏற்றும். 400 நியூட்டன் மீட்டரில் 2800 என்று மதிப்பிடப்பட்ட கன்வெர்ட்டர் அதே 800-இல் சுமார் 33 மட்டுமே ஏற்றும். சுமை பாதிக்கும் கீழே வந்துவிடுவதால், பெரிய கேமின் நிலையற்ற ஐடில் அதைத் தாங்கிக்கொள்ளும்.

எனவே விற்பவரிடம் “இந்த எண்ணை எத்தனை டார்க்குக்குக் கணக்கிட்டீர்கள்?” என்று முதலில் கேளுங்கள். அதற்கு விடை சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள். டைனோ (இன்ஜின் திறனை அளக்கும் கருவி) அறிக்கை இருந்தால் 3000, 4000 ஆர்பிஎம் இரண்டிலும் கிடைக்கும் டார்க்கைச் சொல்லுங்கள். உச்ச டார்க் இந்தக் கணக்குக்கு உதவாது.

பதில் 2

“3600 தொடும்வரை நகராது” என்ற அச்சம் வேண்டாம். அந்த எண் முழு ஆக்ஸிலரேட்டருக்கு உரியது. மெல்ல மிதித்தால் இன்ஜின் கொடுக்கும் டார்க் குறைவு, அதனால் கார் 1500, 1800 ஆர்பிஎம்மிலேயே இயல்பாக நகரும். ஆனால் 3600 கன்வெர்ட்டரோடு மூன்று ஆண்டுகள் ஓட்டியவன் என்ற முறையில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஊருக்குள் மிதித்தால் முதலில் டேக்கோமீட்டர் முள் ஏறும், கார் அதன் பிறகே தொடரும். பந்தயப் பாதையில் பிடித்திருந்த அந்தத் தளர்ச்சி, தினமும் அலுவலகம் போகும்போது எனக்குச் சலித்துப்போயிற்று.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. டைனோ அறிக்கையில் 3000 ஆர்பிஎம்மில் 450, 4000-இல் 480 நியூட்டன் மீட்டர் காட்டுகிறது. விற்பவர் தம்மிடம் உள்ள எல்லாவற்றையும் 400 நியூட்டன் மீட்டருக்கே மதிப்பிட்டதாகச் சொன்னார். பிரேக்கை அழுத்திக்கொண்டு முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பார்த்தேன். 1600-லேயே பின்சக்கரங்கள் சுழல ஆரம்பித்துவிட்டன.

பதில் 1

அப்படியானால் பிரேக்கில் எடுத்த அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அது உங்கள் பிரேக்கும் டயரும் தோற்ற இடத்தைக் காட்டுகிறதே ஒழிய, ஸ்டாலைக் காட்டவில்லை. தயவுசெய்து அந்தச் சோதனையைத் திரும்பச் செய்யாதீர்கள். கார் நிற்கும்போது இன்ஜினின் மொத்தத் திறனும் ஆயிலில் வெப்பமாகிறது. 2800 ஆர்பிஎம்மில் 400 நியூட்டன் மீட்டர் என்றால் 117 கிலோவாட். 5 விநாடிக்கு மேல் பிடிக்கவே கூடாது என்று சொல்வது அதனால்தான். மிக மெதுவாக உருளும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக அழுத்தி, முள் தாவி நிற்கும் இடத்தைப் பதிவுக் கருவியில் பாருங்கள். உண்மைக்கு நெருக்கமான எண் அங்கே கிடைக்கும்.

உங்கள் இன்ஜினில் 2800 என்று விற்கப்படுவது 2970 அளவில் நிற்கும். 3600 என்று விற்கப்படுவது 3900-ஐத் தாண்டும். அதாவது அவர் உங்களுக்குக் கொடுக்க நினைத்தது, பெயரில் 3600, நடைமுறையில் 3900.

இனி நெடுஞ்சாலைக்கு வருவோம். 3.23 விகிதத்தில் 100 கி.மீ. வேகத்துக்கு நான்காம் கியரில் இன்ஜின் 1820 ஆர்பிஎம்தான் சுழலும். லாக்-அப் (கன்வெர்ட்டர் வழுக்காமல் நேரடியாகப் பிணைக்கும் கிளட்ச்) பிடிக்காத நிலையில், அத்தனை தளர்வான, அதாவது ஸ்டால் உயர்ந்த கன்வெர்ட்டர் அங்கே வழுக்கிக்கொண்டே இருக்கும். 100 நியூட்டன் மீட்டர் சுமையில் 300 ஆர்பிஎம் வழுக்கினாலே 3 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம், அதுவும் இடைவிடாமல். கிரவுன் பினியனை 3.73 ஆக மாற்றினால் அதே வேகத்தில் 2100 வரும். அப்போது 3200 வரை யோசிக்கலாம். இப்போதுள்ள 3.23-க்கு என் தீர்ப்பு 2800-தான். லாக்-அப் உள்ளதாகவே வாங்குங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலரும் வையுங்கள்.

பதில் 2

2800-க்கே என் வாக்கும். பொருத்தும்போது கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். “டக்” என்று படிப்படியாக இறங்குவது கைக்குத் தெரியும். கியர்பாக்ஸை இன்ஜினோடு இறுக்கிய பிறகு கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுழல வேண்டும்; ஃப்ளெக்ஸ் பிளேட்டிலிருந்து (இன்ஜினோடு கன்வெர்ட்டரை இணைக்கும் தகடு) 3 முதல் 5 மி.மீ. இடைவெளியும் இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் போல்ட்டால் இழுத்தால், ஸ்டார்ட் செய்த அன்றே ஆயில் பம்ப் உடையும்.

கேள்வி கேட்டவர்

2800 பொருத்தி மூன்று வாரங்கள் ஆகின்றன. இடைவெளி 4 மி.மீ. இருந்தது. டிரைவில் ஐடில் இப்போது 780-க்குக் கீழே போவதில்லை, விளக்கு மங்குவதும் நின்றுவிட்டது. உருளும்போது மிதித்தால் முள் 2950-க்குத் தாவுகிறது. கூலருடன் ஆயில் வெப்பம் 85 டிகிரியில் நிற்கிறது. ஒரே குறை: 70 கி.மீ. வேகத்தில் நான்காம் கியரில் லாக்-அப் பிடித்ததும் கார் முழுவதும் உறுமி அதிர்கிறது.

பதில் 1

70-இல் நான்காம் கியர் என்றால் வெறும் 1270 ஆர்பிஎம். அந்தக் கேம் அங்கே நேரடிப் பிடியைத் தாங்காது. கோளாறு கன்வெர்ட்டரில் இல்லை, டியூனிங்கில் சரிசெய்துவிடலாம். மூன்றாம் கியரிலேயே 60 கி.மீ.க்கு லாக்-அப் பிடிக்கட்டும், அங்கே 1560 ஆர்பிஎம் கிடைக்கும். நான்காம் கியரை 85 வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். முழு ஆக்ஸிலரேட்டரில் லாக்-அப் விடுபடும்படியும் அமைக்கச் சொல்லுங்கள். ஒற்றைத் தட்டு கிளட்ச் அந்தச் சுமையில் சீக்கிரம் கருகிவிடும்.