ஆவணப்படம் எடுக்க வந்தவர்களோடு உங்கள் அனுபவம் எப்படி?

மும்பை தாராவியில் எங்கள் வீட்டில் இட்லி வியாபாரம். விடிவதற்குள் அவித்து, சைக்கிள்காரர்களுக்குப் பாத்திரம் நிரப்பி அனுப்ப வேண்டும். இதைப் படமெடுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள், ஆளுக்கொரு விதம். முதலில் வந்த குழு அம்மாவைக் கொப்பரையை மூடித் திரும்பத் திறக்கச் சொன்னது, ஆவி சரியாக வரவில்லையாம். அதுகூடப் பரவாயில்லை, பனிப்பிரதேசக் குடும்பம் ஒன்றைப் பற்றி 1922-ல் வந்த ‘நானூக்’ ஆவணப்படத்திலேயே உள்ளே வெளிச்சம் வேண்டும் என்று பனிவீட்டைப் பாதி திறந்த மாதிரி கட்டித்தான் ஃபிளாஹர்ட்டி எடுத்தார். எனக்கு ஆறாதது வேறு. படத்தில் அம்மா பேசிய ஒரு வார்த்தைகூட இல்லை. கனத்த ஆங்கிலக் குரல் ஒன்று, வறுமையிலும் சிரிக்கும் மக்கள் என்று பேசிக்கொண்டே போனது. அந்த வியாபாரத்தில்தான் அக்காவை இஞ்சினியரிங் படிக்க வைத்தார்கள். அதை அம்மா கேமராவைப் பார்த்துச் சொல்லவும் செய்தார்.

அப்புறம் ஒரு பெண் சின்ன கேமராவோடு தனியாக வந்தார். கேள்வி கிடையாது, லைட் கிடையாது, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். நாளாக நாளாக அவர் இருப்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. படம் நன்றாகத்தான் இருந்தது. கிரைண்டர் சத்தம், அப்பா சில்லறை எண்ணுவது எல்லாம் அப்படியே. ஆனால் கடனைப் பற்றி அம்மாவும் அப்பாவும் போட்ட சண்டையும் அப்படியே இருந்தது. ‘நான் எதிலும் குறுக்கிடவில்லை’ என்றார். சரி, எடுக்கும்போது குறுக்கிடவில்லை, எடுத்துக் குவித்ததில் எதை வைப்பது என்று எடிட்டிங்கில் முடிவு செய்தது யார்? அம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

———

தம்பி, நான் செம்பூர், ஒலிப்பதிவு வேலை. ஓரமாக நின்று எடுக்கும் அந்தப் பாணி, 1960 வாக்கில் தோளில் தூக்கும் கேமராவும் அதோடு ஒத்து ஓடும் கையடக்க ஒலிப்பதிவுக் கருவியும் வந்ததால் பிறந்தது. கூடவே பிறந்த சிக்கல்தான் நீங்கள் சொல்வது. சட்டையில் குத்திய மைக்கை ஆட்கள் மறந்துவிடுவார்கள். கட் சொன்ன பிறகும் என் ஹெட்ஃபோனில் வீட்டு விஷயம் கேட்டுக்கொண்டே இருக்கும், நானே போய் மைக்கைக் கழற்றி வாங்கிவிடுவேன், டைரக்டர் முறைத்தாலும் சரி.

வேறொரு வழியும் இருக்கிறது. ழான் ரூஷும் எட்கர் மோரனும் பாரிஸில் எடுத்து 1961-ல் வெளியிட்ட படத்தில், நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று தெருவில் போவோரை நேராகவே கேட்பார்கள். கடைசியில் எடுத்ததை அதில் வந்தவர்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் போட்ட சண்டையையும் படத்தில் சேர்த்தார்கள். நான் வேலை செய்யும் ஒரு டைரக்டர் இதையே செய்கிறார். முதல் எடிட்டிங் முடிந்ததும் படத்தை லேப்டாப்பில் அந்த வீட்டிலேயே காட்டுவார், வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்.

———

மாட்டுங்காவிலிருந்து. எங்கள் வயதுக்காரர்களுக்கு ஆவணப்படம் என்றால் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் கட்டாயம் ஓடியதுதான். அணை, தொழிற்சாலை, மேலே ஒரு கம்பீரக் குரல். 1948-ல் தொடங்கிய மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் இங்கே பெடர் ரோட்டிலிருந்து அனுப்பியவை அவை. ஆனால் அதே இடத்திலிருந்து 1967-ல் எஸ்.என்.எஸ். சாஸ்திரி, சுதந்திரத்தோடு பிறந்த இருபது வயதுப் பிள்ளைகளைப் பேசவிட்டு ஒரு படம் எடுத்தார், அவர்கள் குறை சொன்னதையும் விட்டுவைத்தார். 1985-ல் ஆனந்த் பட்வர்தனின் ‘ஹமாரா ஷஹர்’, இதே ஊரில் குடிசைகளை இடிப்பதைப் பற்றியது. அதில் ஒரு பெண், ஏழைகளைப் படமெடுத்துப் பேர் வாங்க வந்தாயா என்று எடுப்பவரையே கேட்பார். அதை வெட்டாமல் வைத்தாரே, அதனால்தான் அந்தப் படத்தை நான் நம்புகிறேன்.

———

செம்பூர் அண்ணே, அந்த டைரக்டர் தாராவிப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டேன், பேசத் தயார். காலை பத்து மணிக்கு மேல் வரச் சொன்னார், அதற்கு முன்னால் அடுப்பை விட்டு நகர முடியாது.