அலமாரியில் வைத்த ஷூவின் அடிப்பாகம் நொறுங்கிவிட்டது: அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது? (மும்பை)

செம்பூர் நெல்லையான்

அனைவருக்கும் வணக்கம். நான் செம்பூரில் வசிக்கிறேன். பாந்த்ரா குர்லா வளாகத்தில் ஓர் அலுவலகத்தில் பணி. வாடிக்கையாளர்களைச் சந்திக்கும் நாட்களில் ஃபார்மல் ஷூ கட்டாயம் என்பதால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் தள்ளுபடி விற்பனையில் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு கறுப்புத் தோல் ஷூ வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். மொத்தம் இருபது முறைகூட அணிந்திருக்க மாட்டேன். மழையில் பாழாகிவிடக் கூடாதே என்று இந்த ஆண்டு ஜூன் தொடக்கத்தில் துடைத்து, பாலிஷ் போட்டு, பாலித்தீன் பையில் சுற்றி, அதன் பெட்டியிலேயே வைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். தீபாவளி கழித்து அணிந்து சென்ற அன்று, குர்லா நிலையப் படிகளில் இறங்கும்போதே காலடியில் ஏதோ நெகிழ்வது போலிருந்தது. அலுவலகத்தை அடைவதற்குள் குதிகால் பகுதி ஆறிப்போன புட்டைப் போல உதிர்ந்துவிட்டது. வரவேற்பறையிலிருந்து என் இருக்கை வரை கரிய தூள் கோடு போட்டிருந்தது. மேல்தோலில் ஒரு கீறலும் இல்லை என்பதுதான் வேதனை.

இது ஏன் நடந்தது? ஆறாயிரம் ரூபாய்க்குள் அடுத்த ஷூவை எதைப் பார்த்து வாங்குவது? என் பாதம் அகலமானது. பெரும்பாலான ஷூக்கள் சுண்டுவிரலைக் கடிக்கின்றன. இந்த ஊர் மழையில் தோல் ஷூவைக் காப்பாற்றுவது நடக்கிற காரியமா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ராணிப்பேட்டைக்காரன்

நண்பருக்கு வணக்கம். ராணிப்பேட்டையில் ஏற்றுமதிக்கான ஷூ தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் தரப் பரிசோதனையில் இருந்துவிட்டு, இப்போது சயானில் இருக்கிறேன். மழைக்குப் பயந்து நீங்கள் பத்திரப்படுத்திய விதமே அந்த ஷூவுக்கு எமனாயிற்று.

உதிர்ந்த அடிப்பாகம் பாலியூரிதேன்; கடையில் பி.யூ. சோல் என்பார்கள். எடை குறைவு, மெத்தென்று இருக்கும், விலையும் மலிவு என்பதால் ஃபார்மல் ஷூக்களில் இது மிகுதி. ஆனால் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல உள்ளே புகுந்து, அதன் வேதிப் பிணைப்புகளை அறுத்துவிடுகிறது. இதை நீராற்பகுப்பு என்பார்கள். வெப்பமும் ஈரப்பதமும் கூடக்கூட இது வேகமெடுக்கும். மும்பையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பாலித்தீன் பையில் சுற்றியபோது, அணிந்த ஷூவிலும் பாலிஷிலும் இருந்த ஈரத்தையும் சேர்த்தே பூட்டி வைத்துவிட்டீர்கள். அடிக்கடி அணிகிற ஷூ ஆண்டுக்கணக்கில் உழைப்பதும், கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்தது மண்டப வாசலில் வாய் பிளப்பதும் இதனால்தான். நடக்கும்போது சோல் அமுங்கி விரிவதால் உள்ளே தங்கும் ஈரம் வெளியேறுகிறது என்று தயாரிப்பாளர்கள் சிலரே சொல்கிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தச் சிதைவு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. தயாரான நாளிலிருந்தே தொடங்கிவிடுகிறது. பெட்டியின் பக்கவாட்டில் விலையோடு தயாரிப்பு மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். தள்ளுபடியில் வருவது பெரும்பாலும் கிடங்கில் தூங்கிய சரக்கு. பழைய பெட்டி இன்னும் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

அடுத்த முறை சோலைத்தான் முதலில் பாருங்கள், தோலைப் பிறகு பார்க்கலாம். ரப்பர் அல்லது டி.பி.ஆர். (உருக்கி அச்சில் வார்க்கும் ரப்பர் வகை) என்று கேட்டு வாங்குங்கள். சற்றுக் கனக்கும், ஆனால் இப்படிப் பொடியாகாது. முழுத் தோல் சோல் நம் ஊர் நடைபாதைக்கு ஆகாது. ஈரத்தில் வழுக்கும், ஊறும். சோலின் ஓரத்தில் ஓடும் தையலைக் கண்டு மயங்க வேண்டாம். பல ஷூக்களில் அது வெறும் அலங்காரம். அச்சிலேயே வார்த்தது, அடியில் இருப்பது பசை மட்டுமே. ரப்பரைப் பதப்படுத்தும் வல்கனைசேஷன் முறைக்கு 1844-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சார்லஸ் குட்இயரின் மகன் பெயரால் வழங்கும் குட்இயர் வெல்ட் முறையில் மேல்தோலும் சோலும் ஒரு தோல் பட்டையின் வழியே உண்மையாகவே தைக்கப்படும்; தேய்ந்தால் சோலைப் பிரித்து மாற்றலாம். உங்கள் தொகைக்கு அது கிடைப்பது அரிது. நன்றாக ஒட்டிய ரப்பர் சோலே போதும்.

மேல்தோலைச் சோதிக்க நாக்குப் பகுதியின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோலானால் நார் நாராகத் தெரியும். செயற்கையானால் துணியின் மேல் பூச்சுப் படலம் தெரியும். தீக்குச்சி வைத்துப் பார்ப்பதெல்லாம் கடைக்காரரிடம் அடி வாங்கித் தரும் யோசனை.

அகலப் பாதத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு வகையைத் தவிர்த்து டெர்பி வகையை வாங்குங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் லேஸ் கட்டும் இரு மடல்களும் முன்தோலுக்கு அடியில் தைக்கப்பட்டிருப்பதால் விரிந்து கொடுக்காது. டெர்பியில் அவை மேலே தனித்து நிற்பதால் தளர்த்திக்கொள்ளலாம். அளவை மாலையில், அலுவலகக் காலுறையோடு, நின்றபடி பார்க்க வேண்டும். நாளெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய காலுக்கு வாங்கி, சிறிய காலுக்குள் மெல்லிய உள்தகடு வைத்துக்கொள்ளலாம். சுண்டுவிரல் கடிக்கிறதென்று ஓர் எண் கூட்டி வாங்காதீர்கள். பிரிட்டிஷ் அளவில் ஓர் எண்ணுக்கு நீளம் ஏறத்தாழ 8.5 மி.மீ. கூடும், அகலம் அந்த அளவுக்குக் கூடாது, குதிகால்தான் கழன்று கழன்று வரும். இணையத்தில் வாங்கினால் குறிப்பிட்டிருப்பது பிரிட்டிஷ் எண்ணா அமெரிக்க எண்ணா என்று பார்த்துவிடுங்கள். ஆண்கள் ஷூவில் அமெரிக்க எண் ஏறத்தாழ ஒன்று கூடுதலாக இருக்கும்.

மாட்டுங்கா பழைய ஆள்

தம்பி, சோல் விவரத்தை மேலே உள்ளவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு வருடம் மாட்டுங்காவிலிருந்து கோட்டைப் பகுதிக்கு லோக்கல் ரயிலில் போய்வந்தவன் என்ற முறையில் பராமரிப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

நனைந்த ஷூவை முதலில் ஈரத்துணியால் துடைத்துச் சேற்றை எடுத்துவிட வேண்டும். பிறகு லேஸைக் கழற்றி, உள்தகட்டை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி விரல் பகுதி வரை திணிக்க வேண்டும். தாள் ஊறியதும் மாற்ற வேண்டும். முதல் இரவில் இரண்டு மூன்று முறை மாற்றினாலும் தகும். ஷூவைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் அடிப்பாகத்துக்கும் காற்றுப் படும். மின்விசிறிக் காற்று போதும். வெயிலிலும் அடுப்பருகிலும் வைத்தால் தோல் விறைத்து, மடியும் இடத்தில் வெடிக்கும். முடி உலர்த்தும் கருவியைக் காட்டி ஒரு நல்ல ஷூவை நானே கெடுத்திருக்கிறேன்.

ஒரே ஷூவைத் தினமும் போடக் கூடாது. காலின் வியர்வை உலர ஒரு நாளாவது வேண்டும். இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் நெடுநாள் வரும். பாலிஷில், க்ரீம் தோலுக்கு மென்மையும் நிறமும் தரும். டப்பாவில் வரும் மெழுகுப் பாலிஷ் பளபளப்பும் ஓரளவு நீர்க்காப்பும் தரும். மழைக்கு முன் க்ரீம் தடவி, அது ஊறிய பின் மெழுகை மெல்லியதாகப் பூசி, பத்து நிமிடம் விட்டுத் தூரிகையால் தேய்க்கலாம். பஞ்சு வைத்த திரவப் பாலிஷ் அவசரத்துக்கு மட்டும். நேரமில்லாத நாளில், மரப்பெட்டியில் தூரிகையைத் தட்டி அழைக்கும் ரயில் நிலையப் பாலிஷ்காரரிடம் காலை நீட்டிவிடுவேன். அந்தக் கைவேகம் எனக்கு இன்றுவரை வரவில்லை. என் தந்தையார் தேங்காய் எண்ணெய் தடவுவார், அதையும் முயலலாம்.

ராணிப்பேட்டைக்காரன்

பெரியவர் சொன்ன அனைத்தும் சரி, தேங்காய் எண்ணெயைத் தவிர. தோலின் நிறம் கருத்துவிடும். மிகுதியானால் பாலிஷும் பிடிக்காது. அக்காலத்துக் கெட்டிச் செருப்புத் தோலுக்கு அது ஒத்துவந்திருக்கலாம். இப்போதைய ஷூக்களின் மேல்தோல் பெரும்பாலும் குரோம் முறையில் பதனிட்டு, மேலே நிறப்பூச்சுக் கொடுத்த மெல்லிய தோல். பூஞ்சை பிடித்தால் பால்கனியில் வைத்து உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள். நிறம் போகிறதா என்று முதலில் உள்பக்கம் ஓர் ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

தாராவி குறுக்குச் சந்து

நான் வேறு கட்சி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் ஊரில் தோல் ஷூவோடு தண்டவாள ஓரத் தண்ணீரில் இறங்குவானேன்? போகவர ரப்பர் செருப்பு, அலுவலக மேசை இழுப்பறைக்குள் தோல் ஷூ என்று நான்கு மாதம் ஓட்டுகிறேன். இழுப்பறையைப் பூட்டியே வைத்திருப்பதில்லை, வாரம் இருமுறையாவது அணிந்துவிடுகிறேன் என்பதால் மேலே சொன்ன கண்டமும் இல்லை. வாங்குவதற்கு நீங்கள் தொலைவு போக வேண்டாம். செம்பூரை ஒட்டிய தக்கர் பாப்பா காலனியே ஷூ தயாரிப்புக்குப் பேர்போன இடம். எங்கள் தாராவிப் பக்கம் தோல் கடைகள் நிறைய உண்டு, ஆனால் பை, பெல்ட், ஜாக்கெட் அளவுக்கு ஷூ கிடைக்காது.

செம்பூர் நெல்லையான்

அனைவருக்கும் நன்றி. பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நான் வாங்கிய நாளுக்கு இரண்டேகால் வருடத்துக்கு முந்தைய தயாரிப்பு என்று அச்சிட்டிருக்கிறது. தள்ளுபடி விலைச் சீட்டை அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள், நகத்தால் சுரண்டிய பிறகுதான் தெரிந்தது. சனிக்கிழமை மாலை தக்கர் பாப்பா காலனிக்குப் போகிறேன். டெர்பி, ரப்பர் சோல், அலுவலகக் காலுறை மூன்றையும் குறித்துக்கொண்டேன். பழைய ஷூவின் மேல்தோல் நன்றாகவே இருப்பதால் அதற்கு ரப்பர் சோல் ஒட்டித் தர முடியுமா என்று எங்கள் தெரு மோச்சியிடம் (செருப்புத் தைப்பவரிடம்) கேட்டிருக்கிறேன்; பழைய பி.யூ.வை ஒரு துணுக்கு விடாமல் சுரண்டி எடுத்தால்தான் பசை பிடிக்கும், இரண்டு நாள் ஆகும் என்றார்.