யூஏ 16+ படத்துக்கு பொண்ண கூட்டிட்டு போலாமா? அந்த நம்பர யாரு போடுறது?

மஞ்சக்குப்பம்_வாசி:
எங்க வீட்ல புதுப்படம்னா கடலூர்ல இருந்து பாண்டிக்கு போயிடுவோம். போன வாரம் யூஏ 16+ படம் ஒண்ணு, என் பொண்ணுக்கு 11 வயசு, கேட்ல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. அதுக்கு முன்னாடி வேற தியேட்டர்ல ஒரு ஏ படம், அக்கா பையன் ப்ளஸ் டூ, மீசையெல்லாம் நல்லா இருக்கு, ஆனாலும் ஆதார காட்டுன்னு நிப்பாட்டி 17 தான் ஆகுதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, டிக்கெட் காசும் போச்சு. 16+ன்னா 16க்கு கீழ விடக்கூடாது தானே? இல்ல பாண்டில சட்டமே வேறயா? இந்த நம்பர டைரக்டரே போட்டுக்கிறாரா என்ன?

பழைய_அசிஸ்டண்ட்:
சரக்கு ரேட்டு தான் சார் பாண்டில வேற, சென்சார் சர்டிபிகேட் இந்தியா பூரா ஒண்ணு தான். 1952 சினிமா சட்டத்துல 2023ல திருத்தம் கொண்டுவந்து, சும்மா யூஏன்னு இருந்தத 7+, 13+, 16+னு மூணா பிரிச்சாங்க. அந்த நம்பர் பெத்தவங்க பாத்து முடிவு பண்ணிக்கிறதுக்கான குறிப்பு மட்டும் தான், உங்க பொண்ண கேட்ல தடுக்கணும்னு கிடையாது. ஏ அப்படி இல்ல. 18 ஆகாதவன உள்ள விட்டா சட்டப்படி தியேட்டர்காரர் தான் மாட்டுவார். உங்க அக்கா பையன நிப்பாட்டுனவர் மேல கோவப்படாதீங்க.

யாரு போடுறதுன்னா, நம்ம பக்கத்து படம் பெரும்பாலும் சென்னைல இருக்கிற சென்சார் போர்டு ஆபீசுக்கு போகும். முழு நீள படம்னா நாலு உறுப்பினர், கூட ஒரு எக்ஸாமினிங் ஆபீசர் உக்காந்து பாப்பாங்க, அதுல பெண்களும் கண்டிப்பா இருக்கணும். படம் ஓடும்போது டைரக்டருக்கு உள்ள இடம் கிடையாது. நாங்க வெளிய டீ மேல டீயா குடிச்சிட்டு, உள்ள சிரிப்பு சத்தம் வருதான்னு காத கதவுலயே வச்சிட்டு நிப்போம். படம் முடிஞ்சதும் ஒவ்வொருத்தரும் தனித்தனியா அவங்க கருத்த எழுதிக் குடுக்கணும், அப்புறம் தான் நம்மள கூப்பிடுவாங்க. "கழுத்தறுக்கிற ஷாட்ட பாதியா குறைச்சா சின்ன நம்பர், அப்படியே தான் வேணும்னா பெரிய நம்பர்"ங்கிற மாதிரி பேச்சு அங்க தான் ஆரம்பிக்கும். ஒத்துக்கலன்னா வேற ஆளுங்க திரும்ப பாக்குற ரிவைசிங் கமிட்டி, அதுக்கும் மேல ஹைகோர்ட்டு. நடுவுல அப்பீலுக்குன்னு ஒரு டிரிப்யூனல் இருந்துச்சு, 2021ல எடுத்துட்டாங்க.

டார்ச்லைட்:
கடலூர்ல கேட்ல நின்னவன்ற முறைல சொல்றேன், ஏ படத்துக்கு சண்டை போடுறது பசங்க இல்ல, அப்பாங்க தான். ஒருத்தர் ஆறு வயசு புள்ளைய தோள்ல போட்டுக்கிட்டு வந்து "இவன் டைட்டில் போடும்போதே தூங்கிடுவான், நான் தானே பொறுப்பு, விடுப்பா"ன்னு ஒரே தகராறு, பின்னாடி லைன் முழுக்க கத்துது. பெத்தவங்க கூட வந்தாலும் ஏ படத்துக்கு செல்லாதுன்னு எத்தன தடவ சொன்னாலும் ஏற மாட்டேங்குது. காசு விஷயம், 18க்கு கீழன்னா அனுமதி இல்ல, பணம் திரும்ப வராதுன்னு டிக்கெட் ஆப்ல கண்டிஷன்ல போட்டிருப்பாங்க, யாரு படிக்கிறா.

உப்புக்காத்து:
அசிஸ்டண்ட் அண்ணே கமிட்டிய ரொம்ப நல்லவங்களா காட்டுறீங்க. எனக்கென்னமோ வயசுன்றது பேருக்கு தான், ஓடுறது வியாபாரம். தமிழ்நாட்ல 2011ல இருந்து கேளிக்கை வரி விலக்கு வேணும்னா எல்லாரும் பாக்கலாம்ங்கிற யூ சர்டிபிகேட் இருக்கணும்னு வச்சாங்க, அப்ப வெட்டு குத்து படத்துக்கெல்லாம் யூ வாங்க எப்படி அடிச்சிக்கிட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். 2017ல ஜிஎஸ்டி வந்ததும் அந்த சலுகை போச்சு, உடனே யூஏ வாங்க யாருக்கும் கூச்சம் இல்ல. ஏ மட்டும் இன்னிக்கும் வேணாங்கிறாங்க, ஏன்னா ஏ படத்த அப்படியே டிவில போட முடியாது, திரும்ப வெட்டி யூஏவா மாத்தணும்.

பழைய_அசிஸ்டண்ட்:
வியாபாரம் இல்லன்னு நான் எங்க தம்பி சொன்னேன், பேரம் நடக்குதுன்னு தானே எழுதிருக்கேன். ஆனா கமிட்டில இருக்கிறவங்களுக்கு கைடுலைன்ஸ் இருக்கு, ஒரு ஷாட்ட தனியா புடிச்சு தொங்காம படத்த முழுசா வச்சு பாக்கணும், இந்த காலத்துக்கு ஏத்த மாதிரி பாக்கணும்னு. அது ஆளுக்கு ஆள் மாறத்தான் செய்யும்.

மஞ்சக்குப்பம்_வாசி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அக்கா பையன் இப்ப "மாமா, ஓடிடில வந்ததும் பாத்துக்கிறேன்"ன்னு சொல்லிட்டு திரியிறான். அதுக்கும் இதே போர்டு தானா?

உப்புக்காத்து:
இல்ல. 2021 ஐடி விதிப்படி ஓடிடிக்காரங்களே தரம் பிரிச்சு போட்டுக்கணும், யூஏ 13+ல இருந்து மேல லாக் வசதி குடுக்கணும், 'ஏ'ன்னு போட்டிருந்தா வயச உறுதிப்படுத்தணும். ஆனா லாக்க நீங்க தான் போடணும். செட்டிங்ஸ்ல போய் பின் நம்பர் வைங்க, உங்க பொறந்த வருஷத்த மட்டும் வைக்காதீங்க, அத அவன் மொத தடவையே அடிச்சிடுவான்.