முன்சக்கர ஸ்ட்ரட் ஒரே வாரத்தில் இறங்கிவிடுகிறது: நைட்ரஜன் ஏற்றினால் போதுமா?

ஈசூன்வாசி:
வணக்கம். நானும் என் மைத்துனரும் சேர்ந்து கட்டிய இரண்டு இருக்கை விமானம் ஆஸ்திரேலியாவில் பெர்த் அருகே அவருடைய கொட்டகையில் நிற்கிறது. பள்ளி விடுமுறைகளில் நான் சிங்கப்பூரிலிருந்து போய்ப் பராமரிப்பில் உதவுவேன். ஜூன் மாதம், முன்சக்கர ஓலியோ ஸ்ட்ரட்டின் (எண்ணெயும் வாயுவும் அடைத்த அதிர்வுதாங்கிக் காலின்) குரோம் குழாய் நான்கு விரல் அளவுக்கு வெளியே தெரியும்படி நைட்ரஜன் ஏற்றிவிட்டு வந்தேன். ஒரு வாரத்தில் அது ஒரு விரல் அளவுக்கு இறங்கிவிட்டது. குழாயைச் சுற்றிச் செந்நிற எண்ணெய் வளையமும் படிந்திருக்கிறது. மீண்டும் நைட்ரஜன் ஏற்றிப் பறக்கலாமா என்று மைத்துனர் கேட்கிறார்.

சிலேத்தார் பழையவர்:
தம்பி, பறக்க வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். ஸ்ட்ரட்டில் எடையைத் தாங்குவது வாயு. தரையிறங்கும்போது விழும் அடியை வாங்குவது, சிறு துளை வழியாக நெருக்கிக்கொண்டு பாயும் எண்ணெய். எண்ணெய் கசிந்த இடத்தை வாயுவால் நிரப்பினால் விமானம் சரியான உயரத்தில் நின்று நம் கண்ணை ஏமாற்றும். ஆனால் அடுத்த கடினமான தரையிறக்கத்தில் குழாய் முழுவதும் உள்ளே போய், அந்த அடி அப்படியே இஞ்சினைத் தாங்கும் சட்டமான இஞ்சின் மவுண்டில் இறங்கும்.

முதலில் விமானத்தின் மூக்கைத் தூக்கி, அசையாதபடி முட்டுக் கொடுங்கள். முகத்தை விலக்கிக்கொண்டு ஸ்ட்ரட்டில் வாயு ஏற்றும் வால்வின் ஊசியை மெல்ல அழுத்தினால் நுரைத்த எண்ணெயோடு வாயு சீறி வெளியேறும். சீறல் நின்று, குழாயைக் கையால் உள்ளே தள்ள முடிகிறவரை வேறு எதையும் தொடக்கூடாது. குறிப்பாக, குழாய் திரும்பாமலும் கழன்று வராமலும் பிடித்திருக்கும் டார்க் லிங்க் இணைப்பின் போல்ட்டை அழுத்தம் இருக்கும்போது கழற்றினால் குழாய் பிய்த்துக்கொண்டு வெளியே பாயும். பிறகு சீல்களை மாற்றி, குழாயை முழுவதும் உள்ளே தள்ளிய நிலையில் வால்வுத் துளைவரை எண்ணெய் ஊற்றி, குமிழி வருவது நிற்கும்வரை குழாயை மேலும் கீழும் இயக்குங்கள். வாயுவை எவ்வளவு அழுத்தத்தில், மூக்கு தூக்கிய நிலையிலா தரையில் நின்ற நிலையிலா ஏற்றுவது என்பதற்கு உங்கள் ஸ்ட்ரட்டின் கையேடே அதிகாரம்.

சாங்கி விமான நிலையத்தில் வேலை செய்பவர்களுக்கு, பெரிய ஜெட் விமானங்களுக்கான ஊதா நிற ஹைட்ராலிக் திரவமான ஸ்கைட்ரால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதை இதில் ஊற்றினால் நைட்ரைல் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். சிறு விமானங்கள் பலவற்றுக்குச் சிவப்பு நிற 5606 கனிம எண்ணெய்தான். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டுவது வெடிப்புக்கு வழி.

தெம்பனிஸ் 21:
இதைப் படிக்கும் ஆர்வி-7ஏ, ஆர்வி-9ஏ (வேன்ஸ் நிறுவனத்தின், வீட்டில் கட்டும் சிறு விமானங்கள்) உரிமையாளர்களுக்கு: அவற்றின் பழைய வடிவமைப்பில் முன்கால் எண்ணெயில்லாத எஃகுத் தண்டு. கால் மடங்கி விமானம் கவிழ்ந்த விபத்துகளுக்குப் பிறகு, தரை இடைவெளியை ஏறத்தாழ ஓர் அங்குலம் கூட்டும் புதிய ஃபோர்க்கை (சக்கரத்தைப் பிடிக்கும் கவையை) வேன்ஸ் நிறுவனம் 2007-இல் அறிவித்தது. ஃபோர்க் திரும்புவதற்கான இழுவிசை 22 பவுண்டு, அதாவது சுமார் 10 கிலோ. மீன் எடை பார்க்கும் கொக்கித் தராசே அதை அளக்கப் போதும்.

ஈசூன்வாசி:
ஐயா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே மைத்துனர் பிரித்துப் பார்த்தார். வெளியே வந்த எண்ணெய் ஒரு தேநீர்க் கோப்பைகூட நிறையவில்லை. எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகிக் கெட்டியாகிவிட்டது. குழாயில் நகத்தை ஓட்டினால் ஓரிடத்தில் மாட்டுகிறது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடலாமா?

சிலேத்தார் பழையவர்:
நகம் மாட்டினால் தேய்க்காதீர்கள். குரோமைத் தாண்டிய கீறலில் துரு பிடிக்கும். புது ஓ-ரிங்கையும் அது அறுத்துவிடும். குழாயை மறுகுரோம் பூச அனுப்புங்கள், இல்லையேல் மாற்றுங்கள். கீறல் எப்படி வந்தது என்று தெரிய, குழாயில் படியும் தூசியைத் துடைக்கும் வைப்பர் வளையத்தின் உள்பக்கத்தில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.