காசு கொடுக்கலைன்னா கேள்வி கேட்கக் கூடாதா?

செவ்வாய்பேட்டை கொலுசு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. சேலம் செவ்வாய்பேட்டையில கொலுசுப் பட்டறை வச்சிருக்கேன். புது மாடல் ஒன்னு செஞ்சா கொக்கி, சலங்கை, நடுவுல வர்ற பூ மூணையும் தனித்தனியா வச்சுப் படம் எடுத்து, எடை எழுதி வெளியூர் வியாபாரிக்கு மெயில்ல அனுப்புவேன். பத்து வருஷத்துக்கு மேல சேர்த்த மாடல் படம், கூலிக் கணக்கு, ஜிஎஸ்டி பில் எல்லாம் ஒரே இலவச மெயில் கணக்குலதான் கிடக்கு. போன மாசம் அந்தக் கணக்கை மூடிட்டாங்க. விதியை மீறிட்டேன்னு ஒரே ஒரு வரி. எந்த விதி, எந்தப் படம், எந்த மெயில்னு ஒன்னும் சொல்லல. மேல்முறையீட்டுப் படிவம்னு ஒன்னு இருக்கு. எழுதிப் போட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள "முடிவில் மாற்றமில்லை"ன்னு பதில் வருது. அதை ஒரு மனுஷன் படிச்சானான்னே தெரியல. பேச நம்பர் கிடையாது. கம்பெனி பேரை இங்க போட விரும்பல. கேட்க வந்தது இதுதான்: காசு கொடுக்காம வாங்குன சேவைங்கறதால எனக்குக் கேள்வி கேட்க உரிமையே இல்லையா?

சூரமங்கலம் சர்வர்:
அண்ணே, உங்க நஷ்டம் பெரிசுதான். ஆனா உரிமைன்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்வேன். கணக்கு ஆரம்பிக்கும்போது ஒப்புக்கிட்ட நிபந்தனையில, எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம்னு எழுதியிருக்கும். படிக்காம சம்மதம் கொடுத்தது நாமதான்.

பழசையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 2004 ஏப்ரல் 1 அன்னைக்கு ஜிமெயில் வந்து ஒரு ஜிபி இடம் தர்றோம்னு சொன்னப்போ, ஏப்ரல் முட்டாள் விளையாட்டுன்னு நினைச்சவங்க உண்டு. அதுக்கு முன்னாடி ஹாட்மெயில்ல 2 எம்பி, யாஹூல 4 எம்பி. நாலு படம் வந்தா பெட்டி நிறைஞ்சிடும். நான் சர்வர் வேலையிலதான் இருக்கேன். டிஸ்க் தேயும், மாத்தணும். கரண்ட் பில், ஏசி பில் ராத்திரி பகல்னு பார்க்காது. அந்தச் செலவை யாரோ விளம்பரம் கொடுத்து ஏத்துக்கறாங்க. அதனாலதான் ஏற்காட்டு மலையில வெள்ளக்கடையில இருக்கற பையன்கூட காசில்லாம யூடியூப்ல கணக்குப் பாடம் பார்க்கறான். ஒவ்வொரு இலவசக் கணக்குக்கும் கம்பெனி கோர்ட்டுல பதில் சொல்லணும்னு வச்சா, முதல்ல நிக்கப் போறது அந்த இலவசம்தான். தொழில் கணக்குன்னா மாசம் நூறு இருநூறு கட்டுங்க, அதோட ஒரு காப்பியும் எடுத்து வைங்க.

நாகலூர் ஹோம்ஸ்டே:
தம்பி, "பிடிக்கலைன்னா விட்டுடுங்க"ன்னு சொல்ற இடத்துல நாங்க இல்ல. ஏற்காடு ஒண்டிக்கடையில போர்டு வச்சுப் பார்த்தோம், பஸ் ஸ்டாண்டுல ஆளை நிறுத்திப் பார்த்தோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றவங்க போர்டைப் பார்க்கறதில்ல, போன் மேப்பைத்தான் பார்க்கறாங்க. ஒரு கோடை விழா சமயம், எங்க இடம் "நிரந்தரமாக மூடப்பட்டது"ன்னு மேப்புல காட்டிடுச்சு. முகம் தெரியாத யாரோ திருத்தம் கொடுத்திருக்காங்க, அந்தக் கம்பெனி அதை ஏத்துக்கிச்சு. சமையல் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாங்க, பின்பக்க அறை நாலும் காலி. நல்லா இருக்கோம்னு நாங்க நிரூபிக்கணுமாம். மூடிட்டாங்கன்னு சொன்னவர்கிட்ட ஒரு ஆதாரமும் கேட்கல.

இன்னொன்னு. நான் கொடுக்கறது காசு இல்ல, சரி. ஆனா யார் எப்ப மலை ஏறினாங்க, எங்க நின்னாங்க, எங்க சாப்பிட்டாங்கன்னு எல்லாம் அவங்களுக்குப் போகுதே? லொகேஷன் ஹிஸ்டரியை அணைச்ச பிறகும் கூகுள் இடத்தைக் குறிச்சுக்கிட்டே இருந்ததுன்னு அமெரிக்காவுல 40 மாநிலங்கள் விசாரிச்சு, 2022 நவம்பர்ல 39.15 கோடி டாலர் கட்ட வச்சாங்க. ஒன்னுக்கும் உதவாத விவரம்னா அணைச்ச பிறகும் ஏன் எடுக்கணும்?

வக்கீல், கலெக்டரேட் பக்கம்:
சட்டத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொலுசு அண்ணனுக்கு அது உடனே பயன்படும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(42). சேவை என்றால் எது என்று சொல்லிவிட்டு, கட்டணமின்றிச் செய்யப்படும் சேவை அதில் அடங்காது என்கிறது. மாதம் நூறு ரூபாய் கட்டியிருந்தால், கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் சேலத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கட்டாததால் அந்தக் கதவு மூடிக்கிடக்கிறது. சர்வர் தம்பி சொன்னதில் அவ்வளவு உண்மை உண்டு.

ஆனால் அதோடு முடியவில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், காசு வாங்குகிறாயா என்று கேட்பதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாளில் முடிக்க வேண்டும் என்று அந்த விதிகள் வந்தபோது கெடு வைத்தார்கள். அவர் பதிலில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். 2023 ஜனவரியில் மூன்று குழுக்கள் அமைத்தார்கள். அண்ணே, நீங்கள் நிரப்பிய படிவம் கம்பெனியின் உள்வழி. குறைதீர் அதிகாரிக்கு எழுதுவது வேறு. அதை இன்றே எழுதுங்கள்.

என் சொந்தக் கருத்தையும் சொல்கிறேன். 2(42) எழுதியவர்கள் பணம் மட்டுமே விலை என்று எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த டிஜிட்டல் உள்ளடக்க நெறிமுறை, பணத்துக்குப் பதிலாகத் தன் சொந்த விவரங்களைக் கொடுத்துச் சேவை பெறுபவரையும் நுகர்வோராகவே நடத்துகிறது. 2022 ஜனவரி 1 முதல் அது அங்கே அமலில் இருக்கிறது. இங்கேயும் அந்தத் திருத்தம் வர வேண்டும்.

சூரமங்கலம் சர்வர்:
ஐரோப்பாவை உதாரணம் காட்டறதுக்கு முன்னாடி இதையும் பாருங்க சார். பேஸ்புக்கை நடத்தற மெட்டாவோட த்ரெட்ஸ் ஆப் 2023 ஜூலையில இந்தியாவுல வந்துடுச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு டிசம்பர்லதான் போச்சு. சட்டம் இறுகினா கம்பெனி தயங்கும், நஷ்டம் மக்களுக்குத்தான். திட்டுறதுக்கு முன்னாடி கம்பெனிங்க தானா திருந்தினதையும் சொல்லணும். விளம்பரத்துக்காக மெயிலைப் படிக்கறதை நிறுத்தறோம்னு கூகுள் 2017ல அறிவிச்சுது. எந்தக் கோர்ட்டும் உத்தரவு போட்டு அது நடக்கல.

குகை பெரியவர்:
நான் கம்ப்யூட்டர் ஆளு இல்ல. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் நீர்மோர்ப் பந்தல் போடறோம். காசு வாங்கறதில்ல. அதுக்காக, கெட்டுப்போன மோரைக் குடிச்சு ஒரு குழந்தைக்கு வயித்துக்கு ஆகலைன்னா, "இலவசம்தானே"ன்னு நாங்க சொல்ல முடியுமா? பந்தல்ல எங்க பேர் போட்டிருக்கு, வந்து கேட்பாங்க. கேட்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச நியாயம்.

சூரமங்கலம் சர்வர்:
ஐயா, நீங்க சொல்றது உடம்புக்கு வர்ற ஆபத்து. அதுல எனக்கு மறுப்பே இல்ல. இங்க கேட்கறது அது இல்லீங்க. நாளைக்கும் நாளன்னைக்கும் அதே பந்தல் இருக்கணும், எடுக்கறதா இருந்தா காரணம் எழுதித் தரணும்னு கேட்கறாங்க.

அஸ்தம்பட்டி டீச்சர்:
பெரியவர் சொன்ன பந்தலில் மோர் குடித்தவர் பெயரையோ வீட்டு விலாசத்தையோ யாரும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. இங்கே எழுதி வைக்கிறார்கள். அதனால்தான் அங்கே கேட்பதைவிட இங்கே கூடுதலாகக் கேட்க வேண்டும்.

"சம்மதம் கொடுத்தது நாம்தான்" என்கிற பேச்சைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனம் ஒரு கேள்வித்தாள் செயலி வழியாகப் பேஸ்புக் பயனர்களின் விவரத்தைப் பெற்ற விவகாரம் 2018இல் வெளிவந்தபோது பேஸ்புக்கே சொன்ன கணக்கு இது: அந்தச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். விவரம் போயிருக்கக்கூடியவர்கள் சுமார் 5 லட்சத்து 62 ஆயிரம் பேர். மீதிப் பேர் எந்த நிபந்தனைக்கும் சம்மதம் தரவில்லை. அவர்கள் நண்பரில் ஒருவர் ஒரு கேள்வித்தாளை நிரப்பினார், அவ்வளவுதான். உலகம் முழுக்க 8.7 கோடிப் பேர் வரை. அதற்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2019இல் 500 கோடி டாலர் அபராதம் போட்டது. பிறகு வழக்குப் போட்ட அமெரிக்கப் பயனர்களுக்கு 72.5 கோடி டாலர் தர மெட்டா ஒத்துக்கொண்டது. நம் ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு காசு வரவில்லை. அதே சேவை, அதே தவறு, ஆனால் பதில் சொல்வது ஒரு நாட்டாருக்கு மட்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்காக எத்தனை இலவசச் செயலியில் பெயர், பிறந்த தேதி, பள்ளிப் பெயர் கொடுக்கிறார்கள் என்று பெற்றோரே வந்து பார்க்கட்டும். குழந்தைகளின் விவரத்தைப் பெற்றோர் அனுமதியின்றி எடுத்ததற்காகக் கூகுளும் யூடியூபும் 2019இல் 17 கோடி டாலர் கட்டின. கம்பெனிகள் தானாகத் திருந்தும் என்று காத்திருக்கச் சொல்லாதீர்கள் தம்பி. கேட்டதால் திருந்தியதுதான் அதிகம்.

லீ பஜார் ஜவ்வரிசி:
என்னைக் கண்காணிச்சு என்னங்க கிடைக்கப் போகுது? நான் பேசறது மூட்டை விலை, லாரி வாடகை. மறைக்க ஒன்னுமில்ல. எனக்கு இலவசம் போதும்.

நாகலூர் ஹோம்ஸ்டே:
அண்ணா, உங்களுக்குத்தான் அது ரொம்ப முக்கியம். ஆத்தூர்ப் பக்கம் எந்த சேகோ ஆலைக்கு எந்தக் கிழமை போறீங்க, அங்க எவ்வளவு நேரம் இருந்தீங்க, அடுத்து யாருக்குப் போன் போட்டீங்கன்னு உங்க எதிர்க்கடைக்காரர் கையில சிக்கினா அடுத்த நாள் விலை என்ன ஆகும்? அவருக்குக் காட்டாததை, முன்னப்பின்ன தெரியாத கம்பெனிக்கு மட்டும் ஏன் காட்டணும்?

சூரமங்கலம் சர்வர்:
டீச்சர் சொன்ன 335 கணக்குக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. அது தப்பு, தண்டனை வேணும். என் பயம் வேற இடத்துல.

நானும் நண்பர் ஒருத்தரும் சேர்ந்து சின்ன ஆப் ஒன்னு நடத்தறோம். மரவள்ளிக் கிழங்கு விலையை விவசாயி போன்ல பார்த்துக்கலாம், இலவசம். வரவு ரொம்பக் கம்மி, சர்வர் வாடகை கையை விட்டுத்தான் போகுது. குறைதீர் அதிகாரி, கெடு, காரணம் எழுதித் தர ஆளு, கூடவே நுகர்வோர் வழக்குன்னு வந்தா பெரிய கம்பெனி வக்கீல் படையை வச்சுச் சமாளிச்சிடும். நாங்க ஒரே வாரத்துல மூடிட்டுப் போயிடுவோம். மெட்டாவுக்கு 2024ல வருமானம் 16,450 கோடி டாலர். சட்டத்தை அவங்களை நினைச்சு எழுதுவாங்க, அடி எங்களுக்கு விழும். பொறுப்பு வேணும்னு சொல்ற ஒவ்வொருத்தரும் இதுக்கு ஒரு பதில் வச்சிருக்கணும்.

வக்கீல், கலெக்டரேட் பக்கம்:
நியாயமான பயம் தம்பி. ஆனால் அளவு பார்த்துப் பொறுப்பு வைப்பது நம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2021 விதிகளில் 50 லட்சம் பயனருக்கு மேல் போன சமூக ஊடகத்துக்குத்தான் இந்தியாவில் குடியிருக்கும் அதிகாரிகள், இந்திய முகவரி என்ற கூடுதல் கடமைகள். 2023 தனிநபர் தரவுச் சட்டத்திலும், சில கடமைகளிலிருந்து ஸ்டார்ட்அப்களுக்கு அரசு விலக்குத் தர இடம் உண்டு. நான் கேட்கும் திருத்தத்திலும் அதே கோட்டைப் போடலாம்.

அந்த 2023 சட்டத்தில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். அந்தப் பணம் அரசின் தொகுநிதிக்குப் போகிறது. விவரம் பறிபோனவருக்கு ஒன்றும் இல்லை. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. புதுச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது அது நீக்கப்படும். மறுபக்கம், அற்பப் புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். பாதிக்கப்பட்டவரை இப்படி வெறும் பார்வையாளராக நிறுத்தியதை நான் ஏற்கவில்லை.

வேண்டுமானால் ஏற்றுக்கொள், வேண்டாமானால் போ என்று சொல்வதும் எப்போதும் செல்லாது. 2021இல் வாட்ஸ்அப் கொண்டுவந்த தனியுரிமைக் கொள்கை அப்படித்தான் வந்தது. அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வாட்ஸ்அப்புக்கும் யாரும் காசு கட்டவில்லை.

செவ்வாய்பேட்டை கொலுசு:
வக்கீல் சார் சொன்னபடி குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். புகார் எண் வந்துச்சு. இன்னைக்குப் பதிலும் வந்துச்சு. மறுபடியும் "விதிமீறல்", மறுபடியும் எந்த விதின்னு இல்ல. ஆனா இந்தத் தடவை கீழ ஒரு பேர் இருக்கு.

தம்பி, நான் அந்தக் கம்பெனி எனக்குக் காலம் பூரா இலவசமா இடம் கொடுக்கணும்னு கேட்கல. மூடணும்னா மூடட்டும். எதுக்குன்னு சொல்லணும், ஒரு மனுஷன் பார்த்து முடிவு பண்ணணும், என் படத்தையும் பில்லையும் எடுத்துக்க ஒரு மாசம் டைம் கொடுக்கணும். அந்த மாடல் எல்லாம் எங்கப்பா காலத்துல இருந்து கைமாறி வந்த வேலை. அவங்க டிஸ்க்குல இருக்கறதால அவங்க சொத்து ஆயிடாது.

சூரமங்கலம் சர்வர்:
டைம் கொடுக்கணும்ங்கறது சரிதாண்ணே, அதை நானும் கேட்பேன். தொழில்நுட்பத்துல அது ஒன்னும் கஷ்டம் இல்ல, மூடறதுக்கு முன்னாடி பதிவிறக்க வழியைத் திறந்து விட்டா போதும். எங்க ஆப்லயும் அதை வைக்கறேன். ஆனா எல்லா முடிவையும் மனுஷன் பார்க்கணும்ங்கறதை ஒத்துக்க மாட்டேன். ஒரு நாளைக்கு மூடற மோசடிக் கணக்கு மட்டும் எவ்வளவு வரும்னு எங்க தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்னையும் ஆள் பார்த்துதான் மூடணும்னா, மூடறதுக்குள்ள அவன் நூறு பேரை ஏமாத்தியிருப்பான்.

அஸ்தம்பட்டி டீச்சர்:
மூடும்போது இயந்திரமே மூடட்டும். தப்பாக மூடிவிட்டீர்கள் என்று ஒருவர் எழுதும்போது ஆள் பார்க்கட்டும். இதில் உங்களுக்கு என்ன மறுப்பு?

சூரமங்கலம் சர்வர்:
மோசடிக்காரனும் எழுதுவானே டீச்சர். முதல்ல எழுதறதே அவன்தான்.

வக்கீல், கலெக்டரேட் பக்கம்:
அதை மேல்முறையீட்டுக் குழு பார்த்துக்கொள்ளட்டும். அண்ணே, இன்று பதில் வந்ததால் 30 நாள் கணக்கு இன்றிலிருந்து ஓடுகிறது. புகார் எண், அதிகாரியின் பதில், கணக்கை மூடியதாக வந்த அந்த முதல் செய்தி, மூன்றையும் பிடிஎப்பாக எடுத்து வையுங்கள். என்ன நிவாரணம் வேண்டும் என்ற இடத்தில் "கணக்கைத் திற" என்று மட்டும் எழுதாதீர்கள். "காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், என் கோப்புகளைத் திரும்பத் தர வேண்டும்" என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றை மறுத்தாலும் மற்றது நிற்கும். எழுதியதும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அனுப்புவதற்கு முன் ஒரு முறை படித்துப் பார்க்கிறேன்.