இன்னர் ஸ்பியர், அவுட்டர் ஸ்பியர்: என்ன சொல்வது?

வணக்கம். அணைவுச் சேர்மங்களுக்கிடையே (நடுவில் உலோக அயனி, அதைச் சுற்றிப் பிணைந்த ஈனிகள்) எலக்ட்ரான் மாறும் வினைகள் பற்றிய பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு அணைவுகள் ஓர் ஈனியைப் பாலமாகப் பகிர்ந்து எலக்ட்ரான் மாறினால் இன்னர் ஸ்பியர், பகிராமல் மாறினால் அவுட்டர் ஸ்பியர். வரைவில் இவற்றுக்கு உட்கோளம், வெளிக்கோளம் என்று போட்டிருக்கிறேன். 'உட்கோள எலக்ட்ரான் மாற்றம்' என்றதும் ஒரே அணைவுக்குள் எலக்ட்ரான் நகர்வதாக மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சொல் உண்டா?
செ., ஜாலஹள்ளி

செ. ஐயா, அகக்கோளம், புறக்கோளம் எனலாமே. 'வெளி' வெட்டவெளியையும் குறிக்கும். புறத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. இங்கே பெங்களூரு பஸ்ஸில் நடத்துநர் சொல்லும் 'ஒளகே'யில் இருப்பது நம் உள்தான். கன்னட 'ஹொர' நம் புறம். பால் ஹாலு ஆனதுபோல. எலக்ட்ரானையும் எதிர்மின்னி என்றே எழுதுங்கள்.
மீ., அல்சூர்

அம்மா, அகம் என்றால் அந்தக் குழப்பம் கூடும். நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். 1953-இல் வேதியியலர் ஹென்றி டாபி குழுவினர் எடுத்துக்கொண்ட கோபால்ட்(III) அணைவில் (அடைப்புக்குறி எண் உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலை) ஐந்து அம்மோனியா, ஒரு குளோரைடு. அது ஈனிகளை எளிதில் விடாது. குரோமியம்(II) தன் நீரொன்றைச் சட்டென்று விட்டு அந்தக் குளோரைடைப் பற்றிக்கொள்கிறது. இதுதான் பாலம். எலக்ட்ரான் கடந்ததும் நிலைமை தலைகீழ்: கோபால்ட்(II) பிடி தளர்கிறது, குரோமியம்(III) குளோரைடை விடுவதில்லை. கரைசலில் கதிரியக்கக் குளோரைடைக் கலந்து பார்த்தும் அது விளைபொருளில் ஏறவில்லை. ஆறும் அம்மோனியாவானால் பாலம் போடத் தனித்த எலக்ட்ரான் இணை கிடையாது. வினையின் வேகத்தைக் காட்டும் வேக மாறிலி 6×10⁵-இலிருந்து 10⁻⁴ அளவுக்கு விழுகிறது. ஆகவே பாலவழி, பாலமில்வழி.

செய்முறைப் பகுதியில் ஒன்று சேர்க்கவும். துத்தநாக ரசக்கலவையால் ஒடுக்கிய குரோமியம்(II) வான நீலமாக இருக்கும். நைட்ரஜன் ஓட்டத்திலேயே வைக்க வேண்டும். காற்றுப் பட்டாலும் பச்சையாகும், வினை நடந்தாலும் பச்சையாகும். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது.
இரா., மல்லேஸ்வரம்

'இல்வழி' அருமை. 'இல்லாதபோது' என்ற பொருளும் அதில் உண்டு. ஆனால் புணர்ச்சி இலக்கணமே கைகொடுக்கும்போது புதுச்சொல் எதற்கு? ஈனிகள் மாறாமல் நின்றால் இயல்புவழி, மாறினால் திரிபுவழி.
த., இந்திராநகர்

த. ஐயா, ஈனி இடம் மாறியே ஆகவேண்டும் என்பதில்லை. பெர்ரிசயனைடோடு (ஆறு சயனைடு கொண்ட இரும்பு அணைவு) ஐந்து சயனைடு கொண்ட கோபால்ட்(II) அணைவைச் சேர்த்தால் சயனைடு பாலம் உடையாமலே நிற்கிறது. இன்னொன்று: பாலமில்வழியிலும் ஈனிகள் சும்மா இருப்பதில்லை. எலக்ட்ரான் தாவுவதற்கு முன்பே பிணைப்பு நீளங்கள் ஒத்துவர வேண்டும் என்பதுதான் வேதியியலர் மார்கஸ் கண்டது. அம்மோனியா அணைவுகளில் கோபால்ட்டுக்கு (II), (III) நிலைகளிடையே பிணைப்பு நீள வேறுபாடு ஏறத்தாழ 0.2 ஆங்ஸ்ட்ராம், ருத்தேனியத்துக்கு 0.04. அதனால்தான் கோபால்ட் அவ்வளவு மெதுவு.
இரா.

பாலவழியை மாணவர்கள் பால்வழி மண்டலம் என்று படிப்பார்கள். புறக்கோளத்தை விடவேண்டாம்.
மீ.

நாலு பேர் பாலவழிக்கு, இரண்டு பேர் கோளத்துக்கு. தலைப்பில் 'பாலவழி (உட்கோள) மாற்றம்', 'பாலமில்வழி (புறக்கோள) மாற்றம்' என்று அனுப்புகிறேன். எலக்ட்ரான் எலக்ட்ரானாகவே இருக்கும்.
செ.

எதிர்மின்னிதான் வேண்டும் என்ற என் கருத்து நிற்கிறது. திரிபுவழியை த. ஐயாவும் விடவில்லை என்று தனிமடலில் சொன்னார்.
மீ.